ஆன்டிகனி: கதாபாத்திரத்தை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?

இரண்டாமாண்டு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பழங்கிரேக்க நாடகாசிரியர் சோஃபக்ளீஸின் 'ஆன்டிகனி' எங்களுக்குப் பாடம். மொழிபெயர்ப்பில் மூன்று முறை படித்துவிட்டேன். மூன்றாம் முறையும் கடைசிப் பக்கங்களில் தொண்டை அடைத்தது. ஆனால் 'பாத்திரமும் கருப்பொருளும்' என்று எழுதிக் கொடுத்த கட்டுரை சப்பென்று வந்துவிட்டது. கிரியோன் ஆணவக்காரன், ஆன்டிகனி துணிச்சல்காரி, இஸ்மீனி கோழை, கருப்பொருள் அரச கட்டளைக்கும் தெய்வ நீதிக்கும் மோதல். சுருக்கினால் இவ்வளவுதான். திருத்தியவர் ஓரத்தில் ஒரே வரி எழுதியிருந்தார்: "இதை எழுத நாடகத்தைப் படித்திருக்கவே தேவையில்லை."

இரண்டு நாளாக அந்த வரி மனதை அறுக்கிறது. அவர் சொன்னது சரி என்றும் தெரிகிறது.

கதை தெரியாதவர்களுக்கு: ஈடிபஸின் மகன்கள் இருவர் தீப்ஸ் நகரத்து அரசுரிமைக்காகப் போரிட்டு ஒருவரையொருவர் கொன்றுவிடுகிறார்கள். அவர்களுடைய தாய்மாமன் கிரியோன் அரசனாகிறான். நகரத்தைக் காத்த எட்டியோக்ளீஸுக்கு முறைப்படி அடக்கம். படையெடுத்து வந்த பாலினைசஸின் உடலை யாரும் தொடக்கூடாது, நாயும் பறவையும் தின்னட்டும் என்பது கட்டளை. அவர்களுடைய உடன்பிறந்தவள் ஆன்டிகனி அந்த உடல்மேல் மண்ணள்ளிப் போடுகிறாள். இன்னொரு உடன்பிறந்தவள் இஸ்மீனி அதற்குத் துணிவதில்லை. கிரியோன் அவளை உயிரோடு நிலவறையில் அடைக்கிறான். அவளுக்கு நிச்சயிக்கப்பட்டிருந்தவன் கிரியோனின் மகன் ஹீமோன்.

ஆணவம், துணிச்சல் போன்ற சொற்களை விட்டுவிட்டால் நான் எதைப் பிடித்துக்கொண்டு எழுதுவது? இதில் யார்தான் அவல நாயகர்?

---

திரைச்சீலை எழுதியது:

நண்பரே, இதே நாடகம்தான் இப்போ எங்க குழுவில் ஒத்திகையில் இருக்கு. அதனால மேடைப் பக்கத்திலிருந்து சொல்றேன்.

"ஆணவமா நடி"ன்னு ஒரு நடிகர்கிட்ட சொன்னா அவரால ஒண்ணும் செய்ய முடியாது. மார்பை நிமிர்த்திக்கிட்டுக் கத்துவார், அவ்வளவுதான். இந்த ஆளுக்கு இந்த நிமிஷம் என்ன வேணும், அதுக்காக என்ன செய்றான், எதை முதல்ல செய்றான், எதைத் தள்ளிப்போடுறான்னு கேட்டாதான் பாத்திரம் கைக்கு வரும். கட்டுரைக்கும் அதையே செய்யுங்க. பெயரடையை அடிச்சுட்டு வினைச்சொல்லை எழுதுங்க.

ஒரே ஒரு இடத்தை மட்டும் கிட்டப் போய்ப் பாருங்க. குருட்டு தீர்க்கதரிசி டைரீசியஸ் வந்து எச்சரிச்சுட்டுப் போயிட்டார். கிரியோன் முதல் தடவையா ஆடிப்போய்க் கோரஸ்கிட்ட, அதாவது ஊர்ப் பெரியவங்ககிட்ட, "நான் என்ன செய்யணும்? சொல்லுங்க, கேக்குறேன்"ங்கிறான். அவங்க ரொம்பத் தெளிவா வரிசை போட்டுச் சொல்றாங்க: முதல்ல போய் அந்தப் பெண்ணை நிலவறையிலிருந்து விடுவி, அப்புறம் வெளியில கிடக்கிறவனுக்குக் கல்லறை எழுப்பு. "உடனேவா?"ன்னு கேக்குறான். தெய்வ தண்டனைக்குக் கால் வேகம், உடனே போங்கிறாங்க. கோடரி எடுத்துக்கிட்டு வாங்கடான்னு ஆட்களை விரட்டுறான். "நானே கட்டினேன், நானே போய் அவிழ்க்கிறேன்"னும் சொல்றான்.

அப்புறம் தூதன் வந்து நடந்ததைச் சொல்றான். அவங்க நேரா போனது சமவெளிக்கு. நாய் கடிச்சுக் குதறின உடலை நீராட்டி, புதுசா வெட்டின கிளைகளை அடுக்கி, மிச்சமிருந்ததை எரிச்சு, சொந்த மண்ணால உயரமா ஒரு மேடு எழுப்பி, அதுக்கு அப்புறம்தான் நிலவறைக்குப் போனாங்க. அங்க ஆன்டிகனி மெல்லிய துணியில சுருக்குப் போட்டுத் தொங்கிட்டா. ஹீமோன் அவ இடுப்பைக் கட்டிக்கிட்டு அழுதுக்கிட்டிருக்கான்.

நாடகத்துல யாரும் இதைச் சுட்டிக்காட்டலை. "வரிசையை மாத்திட்டியே"ன்னு ஒருத்தரும் சொல்லலை. சோஃபக்ளீஸ் சும்மா அடுத்தடுத்து வச்சுட்டுப் போயிட்டார். இருபது வருஷமா மேடையில இருக்கேன், இதைவிட அழுத்தமா ஒரு பாத்திரத்தைக் காட்டின இடம் எனக்குத் தெரியாது.

---

கேள்விக்குறி எழுதியது:

இதை அவன் தவறு என்று எப்படிச் சொல்வீர்கள்? டைரீசியஸ் சொன்ன முதல் சேதியே அந்த உடலைப் பற்றியதுதான். பறவைகள் அதைத் தின்றுவிட்டு வந்து பலிபீடங்களை அசுத்தப்படுத்துகின்றன, தெய்வங்கள் நம் பலியை ஏற்பதில்லை என்கிறார். நகரம் முழுவதும் தீட்டு. ஓர் அரசன் முதலில் அதைச் சரிசெய்யப் போவது நியாயம்தானே? அவளுக்கு உள்ளே உணவும் வைத்திருக்கிறார்கள். அதற்குள் தூக்கு மாட்டிக்கொள்வாள் என்று யார் கண்டது?

---

திரைச்சீலை எழுதியது:

நீங்க சொல்றது முழுக்கச் சரி, அதனாலதான் வயித்தைப் பிசையுது. அவன்கிட்ட நல்ல காரணம் இருக்கு. நகரத்துக்கு எது அவசரமோ அதை முதல்ல செய்றான். முதல் காட்சியிலிருந்து அவன் செய்றதே அதுதான். ஆனா டைரீசியஸ் இன்னொண்ணும் சொன்னார்: கீழே இருக்க வேண்டிய உடலை மேலே வச்சிருக்கே, மேலே இருக்க வேண்டிய உயிரைக் கீழே அடைச்சிருக்கே. ரெண்டுல எது காத்திருக்கும், எது காத்திருக்காதுன்னு அவனுக்குத் தெரியலை. செத்தவன் காத்திருப்பான்.

---

பழஞ்சுவடி எழுதியது:

நல்ல இழை. நான் பல ஆண்டுகள் இந்த நாடகத்தைப் பாடம் நடத்தியவன். ஆகவே சற்று நீளமாக எழுத அனுமதியுங்கள்.

'ஆணவம்' என்ற சொல் மாணவர்களிடம் ஒட்டிக்கொள்ளக் காரணம் அரிஸ்டாட்டிலின் 'ஹமார்ட்டியா'. இதைக் 'குணக்குறை' என்று மொழிபெயர்த்து, ஒவ்வொரு அவல நாயகனுக்கும் ஒரு குறையைத் தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டோம். அந்தச் சொல்லின் வேர் குறி தவறுவதில் இருக்கிறது. ஈட்டியோ அம்போ இலக்கில் படாமல் விலகிப்போவது. அது ஒருவன் செய்யும் காரியம். உள்ளுக்குள் பிறவியிலேயே இருக்கும் நோயைப் போல அதைப் படித்தால் நாடகம் முழுவதும் நோயறிக்கையாகிவிடும். திரைச்சீலை காட்டிய இடம் குறி தவறியதற்கு அச்சான உதாரணம்.

அடுத்து, கிரியோனின் முதல் பேச்சை நிதானமாகப் படியுங்கள். நாடு ஒரு கப்பல், அது நேராக ஓடினால்தான் நமக்கு நண்பர்களே உண்டு, தாய்நாட்டைவிட நெருங்கியவனைப் பெரிதாக எண்ணுபவனை நான் ஒரு பொருட்டாக மதிக்க மாட்டேன் என்கிறான். இது கொடுங்கோலன் பேச்சா? கி.மு. 343இல், நாடகம் அரங்கேறி ஏறத்தாழ நூறாண்டு கழித்து, ஏதென்ஸ் நீதிமன்றத்தில் பேச்சாளர் டெமாஸ்தனீஸ் இந்த வரிகளைத்தான் உரக்கப் படிக்கச் சொன்னார். அவருடைய எதிரி எஸ்கினீஸ் முன்பு நடிகராக இருந்து கிரியோன் வேடம் கட்டியவர். "மேடையில் இத்தனை முறை பேசிய இந்த நல்ல வரிகளை வாழ்க்கையில் மறந்துவிட்டாயே" என்பதுதான் குற்றச்சாட்டின் சாரம். அந்தச் சபைக்கு இவை நல்லாட்சியின் வரிகளாகக் கேட்டிருக்கின்றன.

இன்னொன்றும் மனதில் இருக்கட்டும். துரோகியை ஏதென்ஸின் மண்ணில் புதைக்கக்கூடாது என்பது அந்த நகரத்திலேயே இருந்த சட்டம். எல்லைக்கு வெளியே கொண்டுபோய்ப் புதைக்கத் தடையில்லை. ஆக, முதல் முறை பார்த்தவர்கள் கட்டளையைக் கேட்டதுமே அலறியிருக்க மாட்டார்கள். பாதி சரி என்று தலையசைத்திருப்பார்கள், பிறகு அவன் எவ்வளவு தூரம் போகிறான் என்று பார்த்துச் சங்கடப்பட்டிருப்பார்கள். அந்தச் சங்கடத்தைக் கட்டுரையில் கொண்டுவர முடிந்தால் பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள்.

யார் நாயகர் என்ற கேள்விக்கு ஒரு கணக்கு மட்டும் தருகிறேன். நாடகம் 1353 வரி. ஆன்டிகனி 943ஆம் வரியோடு மேடையை விட்டுப் போகிறாள். மீதி நானூறு வரியும் கிரியோனின் தலையில் இறங்குகிறது. தலைப்பு அவளுடையது, இறுதிவரை மேடையில் நிற்பவன் அவன். ஒருவரைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும் என்று எனக்குத் தோன்றியதில்லை. ஜெர்மன் தத்துவஞானி ஹெகலும் இரண்டு நியாயங்கள் மோதுவதாகவே இதைப் பார்த்தார். ஆனால் அவர் தராசு சற்று அதிகமாகவே சமமாக நிற்கிறது என்பது என் எண்ணம்.

---

செங்காந்தள் எழுதியது:

ஐயா, தராசு சமமில்லை என்று நீங்களே சொன்னதில் மகிழ்ச்சி. எல்லோரும் கிரியோனைப் பற்றியே பேசுகிறீர்கள், நான் அவளைப் பற்றிப் பேசுகிறேன்.

நாடகத்தின் முதல் வரியே அவளுடையது. இஸ்மீனியை அழைக்கிறாள். மூலத்தில் அந்த அழைப்பு விசித்திரமாக இருக்கும்: 'பொதுவான', 'தன்னோடு பிறந்த', 'இஸ்மீனியின் தலையே' என்று அடுக்கிக்கொண்டே போகிறாள். உடன்பிறந்தவரைக் குறிக்கும் 'அடெல்ஃபோஸ்' என்ற கிரேக்கச் சொல்லுக்கு ஒரே கருப்பையிலிருந்து வந்தவர் என்று பொருள். நம்மிடம் புழங்கும் 'சகோதரன்' என்ற சொல்லும் அதே கட்டுமானம்தான், உதரம் என்றால் வயிறு. தமிழில் மொழிபெயர்ப்பவர்கள் இந்த நாடகத்தில் முதலில் தடுக்கிவிழும் இடமும் இதுவே. பாலினைசஸ் அவளுக்கு அண்ணனா தம்பியா என்று நாம் முடிவுசெய்தாக வேண்டும். அவளோ அதைச் சொல்லவே இல்லை. மூத்தவனா இளையவனா என்பது அவளுக்குப் பொருட்டில்லை. ஒரே வயிறு, அவ்வளவுதான். அந்த வயிறு ஈடிபஸையும் பெற்று அவனுடைய பிள்ளைகளையும் பெற்ற வயிறு என்பதை நினைத்துக்கொண்டு முதல் வரியை மறுபடி படியுங்கள், உடம்பு சிலிர்க்கும்.

ஆனால் அவளை வெறும் துணிச்சல்காரி என்று எழுதினால் அவள் செய்யும் கொடுமை தப்பிவிடும். "வெறுப்பில் சேர அல்ல, அன்பில் சேரவே பிறந்தேன்" என்று கிரியோனிடம் சொல்கிறாள். எல்லோரும் மேற்கோள் காட்டும் வரி. அடுத்த சில நிமிடத்தில் இஸ்மீனி வந்து, நானும் இதில் பங்கு, உன்னோடு சாகிறேன் என்று கெஞ்சுகிறாள். ஆன்டிகனி என்ன செய்கிறாள்? "வாயளவில் அன்பு காட்டுபவளை நான் அன்புள்ளவளாக ஏற்க மாட்டேன்" என்று தள்ளிவிடுகிறாள். செத்த உடன்பிறந்தவனுக்காக உயிரைக் கொடுப்பவள், உயிரோடு பக்கத்தில் நிற்கும் உடன்பிறந்தவளின் கையைத் தட்டிவிடுகிறாள். அவளைக் காப்பாற்றத்தான் அப்படிப் பேசினாள் என்றும் வாசிக்கலாம், "நீ பிழைத்துக்கொள், எனக்குப் பொறாமையில்லை" என்ற வரி அதற்கு இடம் தருகிறது. எந்தப் பக்கம் போனாலும் அந்த இடத்தில் நின்று யோசித்தாக வேண்டும்.

---

கேள்விக்குறி எழுதியது:

அப்படியானால் அவளுடைய கடைசிப் பேச்சை என்ன செய்வது? முதலில் எழுதப்படாத தெய்வச் சட்டம், இன்று நேற்று வந்ததல்ல, என்றும் வாழ்வது என்கிறாள். சாகப் போகும்போது, கணவனோ பிள்ளையோ இறந்திருந்தால் இதைச் செய்திருக்க மாட்டேன், கணவன் போனால் வேறு கணவன், பிள்ளை போனால் வேறு பிள்ளை, பெற்றோர் இல்லாதபோது உடன்பிறந்தவன் மட்டும் மறுபடி கிடைக்க மாட்டான் என்கிறாள். தெய்வச் சட்டம் என்றால் எல்லாப் பிணத்துக்கும் ஒன்றுதானே?

---

செங்காந்தள் எழுதியது:

இந்த இடம் உங்களுக்கு மட்டும் இடிக்கவில்லை. இந்த வரிகள் சோஃபக்ளீஸ் எழுதியவை இல்லை என்று யாராவது நிரூபித்தால் நன்றாக இருக்கும் என்று 1827இல் ஜெர்மன் கவிஞர் கதே சொன்னார். பல பதிப்பாசிரியர்கள் அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறார்கள். ஆனால் அரிஸ்டாட்டில் தம்முடைய நூலில் இந்தப் பேச்சிலிருந்து மேற்கோள் காட்டுகிறார். அதாவது கி.மு. நான்காம் நூற்றாண்டிலேயே பிரதியில் இருந்திருக்கிறது. கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் சொல்லும் ஒரு பாரசீகப் பெண்ணின் கதையிலும் இதே தர்க்கம் வருகிறது. ஒருவரைத்தான் விடுவிப்பேன் என்று அரசன் டேரியஸ் சொல்ல, அவள் கணவனையும் பிள்ளைகளையும் விட்டுவிட்டு உடன்பிறந்தவனைக் கேட்கிறாள்.

எனக்கு அந்த வரிகள் வேண்டும். அந்த நேரத்தில் அவள் எப்படி நிற்கிறாள் என்று பாருங்கள். அரசனிடம் வாதாடியபோது சபை முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது, எதிரில் ஓர் எதிரி இருந்தான். இப்போது எதிரியே இல்லை. இருட்டு மட்டும் எதிரில். கல்யாணம் ஆகாமல் சாகிறேன், பிள்ளை வளர்க்காமல் சாகிறேன், கல்லறையே எனக்கு மணவறை என்று வாய்விட்டு அழுகிறாள். தெய்வங்களுக்காகச் செய்தேன், தெய்வங்கள் எங்கே என்று கேட்கிறாள். அந்த நிலையில் தெய்வச் சட்டம் என்ற பெரிய சொல் அவள் கையில் நிற்கவில்லை. என் வயிற்றில் பிறந்தவனே போனாலும் செய்ய மாட்டேன், என்னோடு ஒரே வயிற்றில் பிறந்தவனுக்குச் செய்தேன் என்று முதல் வரிக்கே திரும்புகிறாள். தர்க்கம் பிசகுகிறது, உண்மைதான். கூடவே நாடகத்தில் முதல் முறையாக அவள் வயசு நமக்குத் தெரிகிறது.

---

புதுவரவு எழுதியது:

இடையில் ஒரு கேள்வி. "அன்புள்ள ஹீமோனே, உன் அப்பா உன்னை எப்படி அவமதிக்கிறார்!" என்ற வரி என்னிடமுள்ள பதிப்பில் இஸ்மீனிக்கு இருக்கிறது. நண்பருடைய பதிப்பில் ஆன்டிகனி பேசுகிறாள். அச்சுப் பிழையா?

---

பழஞ்சுவடி எழுதியது:

பிழையில்லை. 572ஆம் வரி. கையெழுத்துப் பிரதிகளில் அது இஸ்மீனியின் வரி. 1502இல் வெனிஸில் ஆல்டஸ் என்ற பதிப்பாளர் அச்சிட்ட முதல் பதிப்பு அதை ஆன்டிகனிக்குக் கொடுத்தது, அதற்குப் பின் பலரும் அப்படியே பின்பற்றினார்கள். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அந்த ஒரு வரியை எடுத்துவிட்டால், தான் மணக்கவிருந்தவனின் பெயரை ஆன்டிகனி நாடகம் முழுவதிலும் ஒரு முறைகூடச் சொல்லவில்லை. யார் பேசுகிறார்கள் என்பதைக் குறிக்கும் ஒரு சிறு அடையாளம் மாறினால் ஒரு பெண்ணின் மனமே மாறிவிடுகிறது. நான் கையெழுத்துப் பிரதிகளின் பக்கம்.

---

இரண்டாமாண்டு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கையில் குறிப்பேட்டோடு படித்துக்கொண்டிருக்கிறேன். பாத்திரம் ஓரளவு புரிகிறது: என்ன செய்கிறார்கள், எந்த வரிசையில், யாரிடம் என்ன பேசுகிறார்கள். கருப்பொருள்தான் இன்னும் பிடிபடவில்லை. 'சட்டம்', 'நீதி', 'குடும்பம்' என்று எதை எழுதினாலும் மறுபடி சுவரொட்டி வாசகம் போல ஆகிறது.

---

பழஞ்சுவடி எழுதியது:

கருப்பொருளைப் பெரிய சொற்களில் தேடாதீர்கள். ஒரு சின்னச் சொல்லைப் பிடித்துக்கொண்டு அது யார் யார் வாய்க்கு மாறிப் போகிறது என்று பின்தொடருங்கள்.

'ஆதாயம்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம், கிரேக்கத்தில் 'கெர்டோஸ்'. முதலில் கிரியோனின் வாயில் வருகிறது. சாவை யார் விரும்புவார்கள், கட்டளையை மீற மாட்டார்கள் என்று பெரியவர்கள் சொன்னதும், ஆதாயத்தின் ஆசை மனிதர்களை அழித்திருக்கிறது என்கிறான். உடல்மேல் யாரோ மண் போட்டுவிட்டதாகக் காவலாளி வந்து சொன்னால், நீ காசு வாங்கியிருக்கிறாய் என்கிறான். டைரீசியஸ் எச்சரித்தால், தீர்க்கதரிசிகளின் கூட்டமே வெள்ளிக்காசு ஆசை பிடித்தது என்கிறான். சார்டிஸ் நகரத்து வெள்ளி கலந்த பொன்னையும் இந்தியாவின் தங்கத்தையும் விற்று வாங்குங்கள், அந்த உடலை மட்டும் உங்களால் வாங்க முடியாது என்று கத்துகிறான். தன்னை எதிர்ப்பவனுக்குப் பணத்தைத் தவிர வேறு காரணம் இருக்கலாம் என்பதே அவன் புத்தியில் ஏறவில்லை.

இப்போது அதே சொல் ஆன்டிகனியின் வாயில்: இவ்வளவு துன்பத்தில் வாழ்பவளுக்குக் காலத்துக்கு முன் சாவதே ஆதாயம். டைரீசியஸின் வாயில்: நல்லது சொல்பவனிடம் கற்பது இனிது, அதில் ஆதாயமும் இருந்தால். கடைசியில் எல்லாம் முடிந்தபின் கிரியோன் என்னை இங்கிருந்து கொண்டுபோங்கள் என்று கதறும்போது கோரஸ் சொல்கிறது: நீ சொல்வது ஆதாயமே, துன்பத்தில் ஆதாயம் என்று ஒன்று உண்டானால். பணமாகத் தொடங்கிய சொல் எங்கே வந்து நிற்கிறது பாருங்கள்.

கப்பலையும் இப்படியே தொடரலாம். தந்தை சொன்ன கப்பலை ஹீமோன் எடுத்துத் திருப்பிக் கொடுக்கிறான்: பாயின் கயிற்றைத் தளர்த்தாமல் இழுத்துப் பிடிப்பவன் கவிழ்ந்த கப்பலில்தான் மீதிப் பயணம் போவான்.

---

திரைச்சீலை எழுதியது:

ஐயா சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கிறேன். அந்தக் காவலாளி. ஆன்டிகனியைப் பிடிச்சுக் கொண்டுவந்து நிறுத்திட்டு அவன் பேசுறதைப் படிங்க. தப்பிச்சதுல சந்தோஷம், வேண்டியவங்களைத் துன்பத்துல தள்றது வேதனை, ஆனா என் உயிரைவிட அதெல்லாம் எனக்குச் சின்னதுதாங்கிறான். ராஜ வம்சத்துக்காரங்க நடுவுல ஒரே ஒரு சாதாரண மனுஷன், ஆதாயக் கணக்கை மறைக்காம சொல்றான். நாடகத்துல இருந்து உயிரோட, முழுசா வெளியே போறவன் அவன்தான்.

---

இரண்டாமாண்டு எழுதியது:

நேற்று இரவு நான்காம் முறை படித்தேன், நீங்கள் சொன்னபடி ஒவ்வொருவரும் என்ன செய்கிறார்கள் என்பதை மட்டும் எழுதிக்கொண்டே. யூரிடிசியிடம் வந்து நின்றுவிட்டேன்.

கிரியோனின் மனைவி. மொத்தம் ஒன்பது வரிதான் பேசுகிறாள். அத்தீனா தெய்வத்தைக் கும்பிடக் கிளம்பினேன், கதவின் தாழ்ப்பாளைத் தளர்த்தியபோது வீட்டுக்கு வந்த கேடு காதில் விழுந்தது, பணிப்பெண்கள் கையில் மயங்கிச் சரிந்தேன், மறுபடி சொல்லுங்கள், துன்பம் எனக்குப் புதிதில்லை, கேட்கிறேன். நிலவறையில் ஹீமோனும் செத்த விதம் முழுவதையும் தூதன் சொல்கிறான். அவள் ஒரு சொல்லும் சொல்லாமல் உள்ளே போய்விடுகிறாள். பிறகு பலிபீடத்தின் அருகே குத்திக்கொண்டு செத்தாள் என்று சேதி வருகிறது.

மூன்று முறை படித்தும் என் கண்ணில் படாத ஒரு பெயர் அந்தச் சேதியில் இருக்கிறது. சாகுமுன் அவள் முதலில் அழுதது ஹீமோனுக்காக இல்லை, முன்பே செத்துப்போன மெகாரியஸின் வெறும் படுக்கைக்காக. அடுத்துத்தான் ஹீமோன். கடைசியாக, பிள்ளைகளைக் கொன்றவன் என்று கிரியோனுக்குச் சாபம். இரண்டு சாவுக்கும் அவனே காரணம் என்று சொல்லிவிட்டுப் போனாளாம்.

மெகாரியஸ் யார்? துன்பம் புதிதில்லை என்று அவள் சொன்னது இதைத்தானா?

---

பழஞ்சுவடி எழுதியது:

அவர்களுடைய இன்னொரு மகன். எப்படிச் செத்தான் என்று இந்த நாடகம் சொல்லவில்லை. கி.மு. 467இல் அரங்கேறிய எஸ்கிலஸின் நாடகத்தில் இதே போரில் தீப்ஸின் ஒரு வாயிலைக் காக்க அனுப்பப்படுபவன் கிரியோனின் மகன் மெகாரியஸ். ஏதென்ஸ் பார்வையாளர்களுக்குப் பழக்கமான பெயராகவே இருந்திருக்கும்.

---

இரண்டாமாண்டு எழுதியது:

அப்படியென்றால் முதல் பேச்சு வேறாகக் கேட்கிறது ஐயா. நாட்டைவிட நெருங்கியவனைப் பெரிதாக எண்ணுபவனை மதிக்க மாட்டேன் என்று சொல்பவன், அந்த நாட்டுக்காகச் சொந்த மகனைக் கொடுத்துவிட்டு வந்து நிற்கிறானா? மகனின் பெயரை ஒரு தடவையும் சொல்லாமலா? தன் பிள்ளை போன போரில் எதிர்ப்பக்கம் நின்றவனுக்கு மரியாதையோடு அடக்கம் செய்ய எப்படி மனம் வரும் என்று எனக்கே தோன்றிவிட்டது. அவன் செய்தது சரியென்று இன்னும் நினைக்கவில்லை. ஆனால் 'ஆணவக்காரன்' என்று இனி எழுத என்னால் முடியாது. கட்டுரையை அந்த வெறும் படுக்கையிலிருந்து தொடங்கியிருக்கிறேன்.

---

திரைச்சீலை எழுதியது:

இதைப் படிச்சுட்டு ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். நாடகம் முழுக்க நடக்கிறது அந்த அரண்மனை வாசல்லதான். யூரிடிசி முதல் வரியிலிருந்தே அந்தக் கதவுக்குப் பின்னாலதான் இருக்கா. நாளைக்கு ஒத்திகையில, கிரியோன் வெளியே வந்ததும் பேச ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி, கதவைத் தானே சாத்திட்டு வரச் சொல்லப் போறேன்.